உயரம் ஆட்டம் ஆடாது

கடற்கரை ஊரான பொம்மையார்பாளையத்தில் ஒரு பையன் பத்தாம் வகுப்பிலேயே ஆறடியைத் தாண்டிவிட்டால், அவன் எதிர்காலத்தை ஊரே முடிவு செய்துவிடும். "பனைமரமாட்டம் வளர்ந்திருக்கான், பாஸ்கெட்பாலுக்கு அனுப்புங்க!" அவனுக்குப் பந்து தட்டத் தெரியுமா, அந்த ஆட்டத்தில் ஆசை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. நம் கடற்கரை மட்டுமா, நாடே இப்படித்தான் நம்புகிறது. தவறான நம்பிக்கை இது. வளரும் பிள்ளைகளுக்குக் கேடும்கூட.

சத்னாம் சிங்கை நினைத்துப் பாருங்கள். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன். உயரம் ஏழடி இரண்டு அங்குலம். 14 வயதில் பயிற்சிக்காக ஃபுளோரிடா போனார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள்; 2015 ஜூன் 25 அன்று நடந்த டிராஃப்டில் டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52ஆவது வீரராக எடுத்தது. இந்தியாவில் பிறந்தவர்களில் அப்படித் தேர்வான முதல் ஆள் அவர்தான். நாம் குதித்தோம். மொத்தம் 60 பேரில் 52 என்றால் என்ன, இரண்டாம் சுற்றில் வருகிறவருக்கு முதல் சுற்றுக்காரரைப் போல ஒப்பந்த உறுதி உண்டா என்று எவரும் விசாரிக்கவில்லை. டெக்சஸ் லெஜண்ட்ஸ் என்ற வளர்ச்சி லீக் அணியில் ஆடினார். என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல், கடைசியில் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

குறை அவர் உழைப்பில் இல்லை. ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. அந்த டிராஃப்டுக்கு ஒன்பது நாள் முன்புதான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி என்பிஏ கோப்பையை வென்றது. இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்திலிருந்து அது தன் ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, ஆறடி ஆறங்குல டிரேமண்ட் கிரீனை அந்த இடத்தில் ஆடவிட்டது. வளையத்தின் கீழே நின்று தடுப்பதே நெட்டையரின் வேலை என்ற காலம் போய்விட்டது. ஏழு மீட்டருக்கு அப்பாலிருந்து எறிகிறவனை ஓடிப்போய் மறிக்கக் கால் வேண்டும்.

"உயரத்தைக் கற்றுத்தர முடியாது" என்பார்கள் பயிற்சியாளர்கள். உண்மைதான். வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது, குள்ளருக்குக் கஷ்டம்தான். ஆனால் நெட்டையருக்குள்ளும் யார் தேறுவார் என்பதை உயரம் சொல்வதில்லை. ஏழடியை ஒட்டிய நிகோலா யோகிச்சை 2014 என்பிஏ டிராஃப்டில் 41ஆவதாகத்தான் எடுத்தார்கள். மூன்று முறை லீக்கின் சிறந்த வீரராக அவரை ஆக்கியது பந்தை யாருக்கு, எப்போது கொடுப்பது என்ற கணக்கு. மறுபுறம், மக்ஸி போக்ஸ் ஐந்தடி மூன்றங்குலம்தான். அதே லீக்கில் 14 சீசன் ஆடினார்.

நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய மகளிர் கூடைப்பந்து அணித் தலைவி. தாயான பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ. சுமார் பதினெட்டு ஆண்டு நாட்டுக்காக ஆடும் அந்த வைராக்கியத்தை எந்த அளவு நாடா காட்டியிருக்கும்?

கடற்கரை மணலில் வாலிபால் ஆடலாம், கபடி ஆடலாம். கூடைப்பந்து ஆட முடியாது. பந்து தரையில் பட்டு எழும்ப வேண்டுமே! சிமெண்ட் தரையும், தினமும் வரும் கோச்சும், மாதம் நாலு மேட்சும் இல்லாத இடத்தில் பையனின் திறமையை எடைபோடுவதே அநியாயம். ரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்க வேண்டுமானாலும் களத்தில் ஆடிக் காட்டியாக வேண்டும். ஆகவே அவன் என்பிஏ போவானா என்று டீக்கடையில் பந்தயம் கட்டாதீர்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று ஓர் ஆடுகளம் கேளுங்கள். அதில் நெட்டையும் குட்டையும் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடட்டும். யார் தேறுவார்கள் என்று ஆட்டம் சொல்லும்.