மண் பூசிய சுவர்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உறையுளைப் பற்றியே நாம் மிகக் குறைவாக எழுதுகிறோம். சமையற் குறிப்பு வெளியிடாத இதழ் இல்லை. சுவர் பூசும் முறையைச் சொல்லும் தமிழ்க் கட்டுரையோ அரிது. இக்குறையை எனக்கு உணர்த்திய இடம் அமிர்தி.

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் சவ்வாது மலையின் அடியில் உள்ளது அமிர்தி. மாணவர்கள் விலங்குப் பூங்காவையும் அருவியையும் காண விரும்பிச் செல்லும் இடம். அவர்களோடு சென்ற நான், மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர் ஒன்றில் ஒரு மூதாட்டி வீட்டுச் சுவருக்கு மண் பூசுவதைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டேன். அருவியை அன்று நான் காணவில்லை.

சலித்த செம்மண்ணில் நீர்விட்டு, நறுக்கிய சாமை வைக்கோலைத் தூவி, காலால் மிதித்துப் பதமாக்கி வைத்திருந்தார். அதனைக் கையால் அள்ளி, கொம்பும் மூங்கிலும் கொண்டு கட்டிய தட்டியின்மேல் அப்பினார். முதற்பூச்சு உலர்ந்து வெடித்த பின்னரே அடுத்த பூச்சு. இறுதியில் சாணம் கலந்த மெழுகல். "முதல்ல வெடிக்கணும் ஐயா. அந்த வெடிப்புலதான் அடுத்த மண்ணு பிடிக்கும்" என்றார். களி ஒட்டும், மணல் சுருக்கத்தைத் தடுக்கும், வைக்கோல் இழுத்துப் பிடிக்கும் என்று கட்டடக்கலை நூல்கள் கூறுவதை அம்மூதாட்டி கால்விரல்களால் அறிந்திருந்தார்.

இதே அறிவை மேலைநாட்டார் இன்று புதுமையாகப் போற்றுகின்றனர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மரம் அரிதாகிய மணற்குன்றுப் பகுதியில், வைக்கோலையும் புல்லையும் பொறியால் அழுத்திக் கட்டிய கட்டுகளைச் செங்கல்போல் அடுக்கி வீடு கட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. ஆர்தர் என்னும் ஊரில் 1928இல் அவ்வாறு எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. அத்தகைய சுவருக்கு ஏற்றது மண் பூச்சே என்பர். காரணம் எளிது: மண் ஈரத்தை வாங்கி மீண்டும் வெளிவிடும். சிமெண்டோ விரிசல் வழியே நுழைந்த நீரை உள்ளேயே அடைத்து வைக்கும், வைக்கோல் மக்கிவிடும்.

இதனை நான் நூலில் கற்குமுன் வீட்டிலேயே கற்றிருக்க வேண்டும். என் நன்னிமாவின் வீடு மண்சுவர் வீடு. ஆண்டுதோறும் அவரே மெழுகுவார். வேலை கிடைத்த பெருமிதத்தில், 2009இல் அச்சுவர்களுக்குச் சிமெண்ட் பூசச் சொன்னவன் நான். "மண்ணுக்கு மண்ணுதாம்ப்பா சேரும்" என்று அவர் தடுத்தார், நான் கேட்கவில்லை. மூன்றாம் மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. உள்ளே சுவரின் அடிப்பகுதி ஊறி மாவாகியிருந்தது. நன்னிமா தம் இறுதி இரண்டாண்டுகளை வாடகை வீட்டில் கழித்தார். கொத்தனாரைக் குறை கூற எனக்கு வாயில்லை.

தமிழக அரசு 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் ஊரகப் பகுதிகளில் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவதை இலக்காகக் கொண்டது, வீடொன்றுக்கு 3.5 இலட்சம் ரூபாய். இதனை நான் எதிர்ப்பவன் அல்லன். கூரை தீப்பற்றுவதையும் மழை இரவில் ஒழுகுவதையும் அறியாதவர்களே குடிசையைக் கவிதையாக்குவர். ஆனால் கூரை மாறுவதால் சுவரின் அறிவும் அழிய வேண்டுமா? மண்சுவரை வறுமையின் அடையாளமாக மட்டுமே நாம் எண்ணுவது பிழை என்பது என் துணிபு. மாலி நாட்டின் ஜென்னே நகரப் பெரிய பள்ளிவாசல் முழுவதும் மண்ணால் ஆனது. இன்றுள்ள கட்டடம் 1907இல் எழுந்தது. உமி கலந்து புளிக்க வைத்த மண்ணை ஊரார் கூடி ஆண்டுதோறும் பூசுகின்றனர். பெண்கள் நீர் சுமக்க, இளைஞர்கள் சுவரேறுகின்றனர். உலகப் பாரம்பரியச் சின்னம் என 1988இல் அந்நகர் ஏற்கப்பட்டது. அங்கே பெருமையாக விளங்குவது அமிர்தியில் மட்டும் இழிவாவது எங்ஙனம்?

மண்சுவருக்குக் குறைகளும் உள. உயர்ந்த அடித்தளமும் நீண்ட இறவாரமும் இல்லையேல் மழை அதனைக் கரைத்துவிடும். ஆண்டுதோறும் கைபட வேண்டும். அவ்வுழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது, கூலி பெறாதது. மண் பூசும் பெண்ணுக்குக் கொத்தனாருக்கு நிகரான கூலி கிடைக்குமாயின் இக்கலை பிழைக்கும் என்றே கருதுகிறேன்.

தமிழ்த்துறைக்கும் இதில் பணி உண்டு. மிதித்தல், குழைத்தல், அப்புதல், வழித்தல், மெழுகுதல் எனக் கைத்தொழிலோடு வாழும் வினைச்சொற்கள் தொழில் நின்றால் அகராதியில் மட்டுமே எஞ்சும். அடுத்த சுற்றுலாவில் நம் மாணவர்கள் அமிர்தியில் அருவிக்கு ஒரு பொழுதும் அவ்வூர்ப் பெண்களுக்கு ஒரு பொழுதும் ஒதுக்கி, இச்சொற்களைத் தொகுத்து வரலாம். குறிப்பேட்டோடு மாற்றுடையும் எடுத்துக்கொள்க. மண்ணில் இறங்கி மிதிக்காதவருக்கு அம்மூதாட்டி எதுவும் சொல்லித் தருவதில்லை.