ஒருவகை மீன்

குற்றாலத்தைப் பற்றி ஆண்டுதோறும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் விழுகிறதா? ஆனி பிறந்தால் செய்தித்தாள்களும் அதையே எழுதுகின்றன. விழுந்த நீர் பிறகு என்ன ஆகிறது என்று கேட்பாரில்லை. அது சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அது ஓர் ஆறு. ஊரார் குளித்த நீரை வெளியேற்றும் சாக்கடை அன்று.

இந்தக் குற்றச்சாட்டை இலக்கியம் படித்த நம்மீதே முதலில் வைக்கிறேன். சிற்றாறு தொடங்குமிடத்தில் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இருக்கிறது. முடியுமிடத்தில் முக்கூடற்பள்ளு இருக்கிறது. பள்ளு, மீன்களைப் பெயர் பெயராக அடுக்குகிறது. நாமோ சந்தத்தை வியந்துவிட்டு, பெயருக்கு எதிரே ‘ஒருவகை மீன்’ என்று எழுதிக் கடந்துபோகும் உரைகளில் நிறைவடைந்தோம். எந்த மீன் என்றே அறியாதவனுக்கு அது அற்றுப்போனாலும் தெரியப்போவதில்லை.

1950களில் சைலஸ் என்ற மீனியல் அறிஞர், தாமிரபரணியின் பெயரையே சூட்டி ஒரு கெண்டையை விவரித்தார். 2012இல் இலங்கை ஆய்வாளர்கள், ரிச்சர்ட் டாக்கின்ஸின் பெயரால் தாங்கள் அமைத்த டாக்கின்சியா என்ற பேரினத்தில் அதைச் சேர்த்தனர். இந்த ஆற்றுப்படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் அதை அழியும் நிலையிலுள்ள இனமாகக் குறித்திருக்கிறது. நம் ஆற்றின் பெயரைச் சுமக்கும் உயிரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

‘மனிதர் பிழைப்பைவிட மீன் பெரிதா?’ என்பார்கள். கேள்வியே பிழை. மேற்குமலை ஓடைகளில் காரா என்ற பேரின மீன்கள், வாயின் கீழுள்ள உறிஞ்சுதட்டால் கல்லைப் பற்றிக்கொண்டு, கல்லில் படர்ந்த பாசியை உண்டு வாழ்கின்றன. உயிர்வளி மிகுந்த, விரைந்தோடும் தெளிநீர் அவற்றுக்கு வேண்டும். சோப்பின் வேதிப்பொருள்கள் செவுள்களைச் சிதைக்கும்; கழிவுநீர் உயிர்வளியைக் குறைக்கும். மீனுக்கு ஆகாத நீரைத்தான் கீழே வயலுக்குப் பாய்ச்சுகிறோம். மீன் நமக்குப் போட்டியில்லை. நம் நீருக்கு முதல் சாட்சி.

2014இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ பயன்படுத்தத் தடை விதித்தது. நல்லது. ஆனால் அந்த அக்கறை அருவிக்கரையோடு நின்றுவிட்டால், நாம் காத்தது குளிப்பவரின் இன்பத்தை மட்டுமே; ஆற்றை அன்று. ஊர்க் கழிவு சிற்றாற்றில் கலக்காமல் தடுப்பதே அடுத்த கடமை. ஆழ்வார்க்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. சிற்றாற்றின் மீன்களை, கரையோர மக்கள் வழங்கும் பெயர்களோடு, துறைதோறும் கணக்கெடுத்துத் தமிழில் வெளியிட வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு, பள்ளுக்கு உரை எழுதுவோருக்கும் அதைப் படிப்போருக்கும் உண்டு. ‘ஒருவகை மீன்’ என்பது உரையல்ல, கைவிடல்.