குற்றவாளி பையனா, ஐஸ் பெட்டியா?

"எங்க பையனுக்கு மட்டும் மீன் வைக்காதீங்க. ஒத்துக்காது!"

யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், இலையில் தண்ணீர் தெளிக்கும் முன்பே என் அக்கா இதைச் சொல்லிவிடுவாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லைங்க. ஆறு வருஷம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வீடு பூரா மீன் குழம்பு வாசனை அடிக்கும்போது, அந்தப் பையன் மட்டும் ஒரு ஓரமாக உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிடுவான். பார்க்கவே பாவமாக இருக்கும்.

எல்லாம் ஒரே ஒரு மத்தியானச் சாப்பாட்டால் வந்த வினை.

எங்கள் ஊர் தேசூர். ஆரணிப் பட்டு என்று நீங்கள் கடையில் வாங்கும் புடவைகளில் எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்ததும் இருக்கும். கடல் எங்களுக்குத் தூரம். ஏரி மீன்தான் பழக்கம். கெண்டை, ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் துள்ளத் துடிக்க விரால். கடல் மீன் சாப்பிட வேண்டுமென்றால் டூர் போக வேண்டும். டூர் போக வேண்டுமென்றால் பிள்ளைகளுக்கு லீவு விட வேண்டும், தறியிலும் ஒரு பாவு முடிந்திருக்க வேண்டும். இரண்டும் கூடி வருவது மே மாதத்தில்தான்.

அப்படி 2017 மே மாதம், வேன் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் போனோம். அக்கா, மாமா, ஒன்பது வயசுப் பையன், எங்கள் ஆயா, நான். வந்தவாசி தாண்டும்போதே பையன் ஆரம்பித்துவிட்டான். "சித்தி, பெரிய மீனு சாப்பிடலாமா?"

ஹோட்டல் பெயர் வேண்டாம். வாசலிலேயே தட்டு தட்டாக மீன் துண்டுகளை அடுக்கி, செக்கச்செவேலென்று மசாலா தடவி வைத்திருந்தார்கள். மேலே ஒரு பல்பு. எதிரே மே மாத வெயில். "காலைல வந்த வஞ்சிரம் சார், ஃபிரெஷ்!" என்றார் சர்வர். நாலு துண்டு சொன்னோம். "எனக்கு முள்ளோட மல்லுக்கட்ட முடியாது, எறாத் தொக்கு போதும்டி" என்று ஆயா ஒதுங்கிக்கொண்டது.

பாதி சாப்பிடும்போதே பையன், "சித்தி, நாக்கு சுர்ருங்குது" என்றான். மிளகாய்த் தூள்தான் என்று நினைத்து ஒரு டம்ளர் மோர் கொடுத்தோம். அரை மணி நேரம் கழித்து, அர்ஜுனன் தபசு முன்னால் நின்று போட்டோ எடுக்கும்போது பார்த்தால்... பையன் முகம் தீயில் வாட்டியது மாதிரி சிவந்து கிடக்கிறது! கழுத்தெல்லாம் தடிப்பு. மாமாவுக்குத் தலை விண் விண்ணென்று வலி, நெஞ்சு படபடப்பு. "வெயில்ல நடந்தது" என்றார். அக்கா உதட்டைச் சொறிந்துகொண்டே இருந்தாள். எனக்கு அன்று ராத்திரி நாலு தடவை பாத்ரூம்.

ஆயா ஜாம் ஜாமென்று இருந்தது. "மீன் தின்னுட்டு மோரு குடிக்கலாமாடி? வெண்குஷ்டம் வந்துடப் போவுது!" என்று எங்களைத் திட்ட மட்டும் செய்தது. (மீனும் தயிரும் சேர்ந்தால் தோலில் வெள்ளை விழும் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தோலின் நிறம் தரும் செல்களையே தாக்குவதால் வருவது. மோர் மேல் பழி போடாதீர்கள்.)

பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி. இரண்டு மணி நேரத்தில் சிவப்பு இறங்கிவிட்டது. "மீன் அலர்ஜியா இருக்கலாம்மா. கொஞ்ச நாளைக்குத் தராதீங்க" என்றார் டாக்டர். அந்தக் 'கொஞ்ச நாள்'தான் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

2023-ல் வேறு ஏதோ தும்மல், மூக்கடைப்பு என்று வேலூரில் ஒரு அலர்ஜி டாக்டரிடம் பையனைக் காட்டினார்கள். அக்கா வழக்கம் போல, "மீனும் ஒத்துக்காது டாக்டர்" என்று ஒப்பித்திருக்கிறாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"அன்னைக்கு அதே மீனை வேற யாரெல்லாம் சாப்பிட்டீங்க? அவங்களுக்கு என்ன ஆச்சு?"

ஆறு வருஷத்தில் எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை பாருங்கள்! சாப்பிட்ட நாலு பேருக்குமே ஏதோ ஒன்று ஆகியிருக்கிறது. அந்த மீனைத் தொடாத ஆயாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் அலர்ஜி வருமா? நம்மைக் காட்டிலும் சின்ன உடம்பு என்பதால் பையனுக்கு அதிகமாகத் தெரிந்திருக்கிறது. பழியும் அவன் தலையில் விழுந்துவிட்டது.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து இயற்கையாகவே அதிகம். மீனைப் பிடித்தவுடன் ஐஸில் புதைக்காமல் வெயிலில் போட்டுவைத்தால், கிருமிகள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. அலர்ஜி வரும்போது நம் உடம்பே சுரப்பதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் முகம் சிவப்பது, அரிப்பு, தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று அச்சு அசலாக அலர்ஜி மாதிரியே இருக்கிறது. நாக்கில் மிளகைக் கடித்த மாதிரி சுர்ரென்று இருப்பதும் இதன் ஒரு அடையாளமாம். சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒரு நாளைக்குள் அடங்கிவிடும். மருத்துவத்தில் இதற்கு ஸ்காம்ப்ராய்ட் விஷம் என்று பெயர். உடம்பில் கோளாறு இல்லை, மீனில்தான் கோளாறு.

இதில் கொடுமை என்ன தெரியுமா? இந்த ஹிஸ்டமின் ஒரு தடவை உண்டாகிவிட்டால், எண்ணெயில் முறுக வறுத்தாலும் போகாது. குழம்பில் கொதிக்க வைத்தாலும் போகாது. ஃப்ரீஸரில் வைத்தாலும் போகாது. கிருமி செத்துப்போகும், அது விட்டுப்போன சரக்கு அப்படியே இருக்கும். நாற்றம் அடித்தே தீரும் என்றும் இல்லை. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அதை நம் மூக்கால் அளக்க முடியுமா?

சரி, நாங்கள் போன மாதத்துக்கு வருகிறேன். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இது பாலபாடம். எங்களை மாதிரி உள்நாட்டு ஜனங்களுக்குத்தான் தெரிவதில்லை.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக 2001-லிருந்து இருக்கிறது. முதலில் 45 நாள். நாங்கள் டூர் போன அதே 2017-ல்தான் 61 நாளாக நீட்டினார்கள். இந்த நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப் படகு, ஃபைபர் படகுக்காரர்கள் மட்டும் கரையோரமாகப் போய்க் கொஞ்சம் மீன் கொண்டுவருவார்கள். இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். பள்ளிக்கூட லீவு எப்போது? ஏப்ரல் கடைசி, மே. கடற்கரை ஊர்களில் கூட்டம் அலைமோதுவது எப்போது? அதே மே. கடலில் மீன் வரத்து மெலிந்து கிடப்பதும் அதே மே!

அப்படியென்றால் அத்தனை ஹோட்டல் தட்டுகளிலும் அடுக்கியிருக்கிற பெரிய பெரிய துண்டுகள் எங்கிருந்து வருகின்றன? கொஞ்சம் உள்ளூர்ப் படகு. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-ல்தான் ஆரம்பிக்கிறது என்பதால் கேரளா, கர்நாடகா பக்கமிருந்து லாரியில் வருவது கொஞ்சம். மீதி, குளிர்பதனக் கிடங்கு. இதில் தப்பு ஒன்றும் இல்லை. பிடித்த கையோடு உறைய வைத்து, அந்தக் குளிர் விடாமல் கொண்டுவந்த மீன், காலையில் பிடித்து மத்தியானம் வரை வெயிலில் கிடந்த 'ஃபிரெஷ்' மீனைவிட நல்லது. பிரச்னை, நடுவில் எங்கேயாவது ஐஸ் குறைவதில்தான். நம் ஊர் வெக்கைக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போட வேண்டும் என்பார்கள். வாசலில் மசாலா தடவி அடுக்கியிருந்த அந்தத் தட்டில் ஒரு துண்டு ஐஸ்கூட நான் பார்க்கவில்லை.

என் கோபமெல்லாம் ஒன்றுதான். மே மாதத்தில், "இது ஐஸ் மீன், இது இன்றைக்குப் படகில் வந்தது" என்று பலகையில் எழுதிப் போட்டால் என்ன குறைந்துவிடும்? எழுதினால் ஜனங்கள் வாங்க மாட்டார்கள் என்ற பயம். நாமும் ஒரு காரணம்தான். ஐஸ் மீன் என்று உண்மையைச் சொல்கிறவன் கடையை விட்டு எழுந்துபோகிறோம், 'காலைல வந்தது' என்று பொய் சொல்கிறவன் கடையில் உட்காருகிறோம். 2018-ல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் லோடு பிடிபட்ட பிறகு, மீன் என்றாலே எல்லோரும் ஃபார்மலினைப் பற்றித்தான் பேசுகிறோம். அது பேச வேண்டியதுதான். ஆனால் மருந்து எதுவும் கலக்காமல், சும்மா வெயிலில் வைத்தே மீனை விஷமாக்க முடியும் என்பதை யாரும் பேசுவதில்லை.

பட்டு நூலைக் கொளுத்தி, முடி கருகுகிற வாடை வருகிறதா என்று பார்த்து அசலா போலியா சொல்கிற ஊர்க்காரி நான். ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள். அந்த நான், பிள்ளை வாயில் போகிற மீனை மசாலா பூசிய பிறகு பார்த்துத் தலையாட்டினேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் நான் கேட்டுவிடுகிறேன். வெட்கமே படுவதில்லை. மசாலா தடவாத முழு மீனைக் காட்டச் சொல்வேன். கண் தெளிவாகத் துருத்திக்கொண்டு இருக்கணும், செவுள் சிவப்பாக இருக்கணும், விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே எழும்பணும். இது ஹிஸ்டமினைக் காட்டிக் கொடுக்கும் என்று சொல்லவில்லை, மீன் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது ஓரளவு தெரியும். அதைவிட முக்கியம், அது ஐஸுக்குள்ளிருந்து வருகிறதா, மேஜை மேலிருந்து வருகிறதா என்பது. மே மாதத்தில் வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பதில்லை. அன்றைக்குப் படகில் வந்த சின்ன மீன் எதுவோ அது போதும். விலையும் குறைவு. ராத்திரியைவிட மத்தியானம் சாப்பிடுவது உத்தமம். முதல் வாயில் நாக்கு சுர்ரென்றால் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட வேண்டும். "காசு குடுத்தாச்சே" என்று நாம் முடிப்போம் பாருங்கள், அங்கேதான் வம்பு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, அலர்ஜி என்று டாக்டர் சொன்ன பிள்ளைக்கு "சும்மா கொஞ்சம் குடுத்துப் பார்க்கலாம்" என்று வீட்டில் பரீட்சை செய்யாதீர்கள். நிஜமான மீன் அலர்ஜி உண்டு. அது நல்ல மீனைச் சாப்பிட்டாலும் ஒவ்வொரு தடவையும் வரும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எறா, நண்டு அலர்ஜி தனி ரகம். அதற்குக் காரணமான புரதம் வேறு. எறா ஒத்துக்காதவர் மீன் சாப்பிடலாம் என்பதும் உண்டு, அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எதுவானாலும் மூச்சுத் திணறல், நாக்கு, தொண்டை வீக்கம், மயக்கம் வந்தால் யோசித்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் யார் யார் எந்த மீனைச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அன்று நாங்கள் அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் ஆறு வருஷம் ரசம் சோறு சாப்பிட்டிருக்க மாட்டான். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் புகார் கொடுக்கவும் அந்தத் தகவல்தான் வேண்டும்.

எங்கள் பையனுக்குத் தோலில் சொட்டு வைத்து டெஸ்ட், ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். மீனுக்கு ஒன்றும் இல்லை. அப்புறமும் சும்மா விடவில்லை. ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்து, கடலை அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மீன் கொடுத்து, நர்ஸ் பக்கத்திலேயே இருந்து பார்த்துவிட்டுத்தான் "சாப்பிடலாம்" என்றார்கள். அக்கா அங்கேயே அழுதுவிட்டாளாம்.

அடுத்த வருஷம் மறுபடி மாமல்லபுரம். அதே மே மாதம்தான், லீவை மாற்ற முடியுமா என்ன! வேறு ஹோட்டல். மீசை அரும்பிய பையன் சர்வரிடம், "அண்ணா, இன்னைக்குப் படகுல என்ன வந்துச்சு? பெட்டியிலேர்ந்து எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, ஐஸ் சொட்டச் சொட்ட இரண்டு சங்கராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வஞ்சிரம் இருக்கிறதா என்றதற்கு, "இருக்கு தம்பி, ஆனா ஸ்டோரேஜ் மீனு" என்றார். எனக்கு அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது.

இரண்டு சங்கராவையும் வறுத்து வாங்கி, முள்ளை மட்டும் மிச்சம் வைத்தான். தாகமாக இருக்கிறதென்று மோர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினான். எதிரிலிருந்து ஆயாவின் குரல்:

"மீன் தின்னுட்டு மோரா? வைடா கீழ!"