கறுப்பு பார்பி பிறக்க 21 ஆண்டு!

பொம்மைகளின் ராணி என்று பெயர் எடுத்தவள் பார்பி. 1959-ம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் பொம்மைச் சந்தையில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தாள். வெள்ளைத் தோல், கொடி இடை, குதி உயர்ந்த செருப்பு. பெற்றெடுத்தது மாட்டெல் கம்பெனி. அதே "பார்பி" என்ற பெயரைத் தாங்கி ஒரு கறுப்புப் பொம்மை கடைக்கு வந்தது எப்போது தெரியுமா? 1980-ல்! அதற்குள் மனிதன் சந்திரனுக்கே போய்த் திரும்பிவிட்டான்.

"பொம்மைதானே! இதில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போன விஷயம் இது.

கென்னத் கிளார்க், மாமி கிளார்க் இருவரும் கறுப்பு இனத்தைச் சேர்ந்த மனோதத்துவ நிபுணர்கள், கணவன் மனைவி. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். 3 வயது முதல் 7 வயது வரை உள்ள 253 கறுப்புக் குழந்தைகள் முன்னால் வெள்ளைப் பொம்மைகளையும் பழுப்புப் பொம்மைகளையும் வைத்தார்கள். தோலும் முடியும்தான் வேறு நிறம். மற்றபடி எல்லாம் ஒன்றே.

"எந்தப் பொம்மையோடு விளையாட ஆசை?" என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. "உன்னைப் போல இருப்பது எது?" என்று கேட்டபோது, சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடிவிட்டன. 3 வயதிலேயே தன் நிறம் மட்டம் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டது!

வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று பிரித்து வைப்பது செல்லாது என்று 1954-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆராய்ச்சியும் இடம் பெற்றது.

ஒரே அச்சு

தீர்ப்பு வந்து ஐந்தாம் ஆண்டு பார்பி பிறந்தாள். வெள்ளையாகத்தான் பிறந்தாள். 1967-ல் மாட்டெல் ஒரு பழுப்புப் பொம்மையைக் கொண்டுவந்தது. பெயர் பிரான்சி. பார்பிக்கு உறவுக்காரப் பெண் என்று சொல்லி முந்தின ஆண்டு ஒரு வெள்ளைப் பிரான்சியை விற்றார்கள் அல்லவா, அதே முகம், அதே மூக்கு, அதே உதடு. பிளாஸ்டிக்கில் கலந்த சாயம் மட்டும் வேறு.

காரணம் எளிது. பொம்மைத் தொழிலில் பெரிய செலவு அச்சுக்குத்தான். முகத்தை வடித்து அச்சு எடுத்துவிட்டால், அதில் லட்சக்கணக்கில் தலைகளை வார்க்கலாம். சாயத்தை மாற்றுவது சல்லிக்காசுச் செலவு. அரிசி மாவுக்குப் பதில் கேழ்வரகு மாவை ஊற்றினால் இட்லியின் நிறம் மாறும். தட்டின் குழி மாறுமா?

பிரான்சி சரியாக விலை போகவில்லை. 1968-ல் கிறிஸ்டி வந்தாள். அவளும் கறுப்புப் பெண். ஆனால் பார்பியின் தோழி. கதாநாயகியின் தோழிக்கு என்ன மரியாதை என்பது சினிமா பார்க்கிறவர்களுக்குத் தெரியும். 12 ஆண்டு காலம் அந்த வேஷம்தான்.

கலவரத்தில் பிறந்த கம்பெனி

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாட்ஸ் என்பது கறுப்பு மக்கள் வாழும் பகுதி. 1965 ஆகஸ்டில் அங்கே பெருங்கலவரம் மூண்டது. 34 பேர் உயிர் இழந்தார்கள். சாம்பல் ஆறிய பிறகு, லூ ஸ்மித், ராபர்ட் ஹால் என்ற இரு கறுப்பர்கள் அந்த மக்களுக்கு வேலை கொடுக்க வழி தேடினார்கள். 1968-ல் ஷிண்டானா என்ற பொம்மைக் கம்பெனி பிறந்தது. தொடங்குவதற்குப் பண உதவியும் தொழில் உதவியும் செய்தது மாட்டெல்! இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஷிண்டானாவின் முதல் பொம்மை "பேபி நான்சி". முகமே கறுப்புக் குழந்தையின் முகம். முடிதான் பெரும்பாடு. பொம்மை முடி நீளமாக, வழவழப்பாக வரும். கறுப்புக் குழந்தையின் சுருட்டை முடி அப்படி இராது. அதற்காகவே தொழிற்சாலையில் தனி அடுப்பு வைத்து முடியைப் பதப்படுத்தினார்கள். பொம்மையைச் செய்கிறவன் தன் மகளின் தலையை வாரிவிட்டவனாக இருந்தால்தான் இந்தக் கவலை வரும். 1983-ல் கம்பெனி மூடப்பட்டது. 2020-ல் பேபி நான்சிக்கு அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது.

கிட்டி வந்தார்

மாட்டெலிலும் கேள்வி கேட்டவர்கள் உண்டு. பியூலா மே மிட்சல் என்ற கறுப்புப் பெண்மணி 1955 முதலே அங்கு வேலை பார்த்தவர். "எங்களைப் போல ஒரு பார்பி செய்தால் என்ன?" என்று முதலாளியம்மா ரூத் ஹாண்ட்லரிடமே கேட்டார். அவருடைய உறவுக்காரப் பெண் லகேரியா டேவிஸ் எடுத்த "பிளாக் பார்பி" என்ற படத்தில் இந்தக் கதை வருகிறது.

கேள்விக்குப் பதில் சொன்னவர் கிட்டி பிளாக் பெர்கின்ஸ். தென் கரோலினாக்காரர். 1976-ல் டிசைன் போடும் வேலைக்குச் சேர்ந்தார். பாடகி டயானா ராசை மனத்தில் வைத்து, சிவப்பு உடுப்பு, குட்டைச் சுருட்டை முடி, பெரிய காதணி என்று ஒரு பெண்ணை உருவாக்கினார். அவள்தான் 1980-ன் கறுப்பு பார்பி. தோழி அல்ல, பார்பியே! 1991-ல் ஷானி, ஆஷா, நிஷல் என்ற மூன்று பொம்மைகளையும் கிட்டி கொண்டுவந்தார். மூவருக்கும் மூன்று விதமான கறுப்பு.

ஆனால் டிசைன் மேஜையில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 1997-ல் ஓரியோ பிஸ்கோத்துக் கம்பெனியோடு சேர்ந்து ஒரு பார்பியை மாட்டெல் விற்றது. கறுப்பு பார்பியும் அந்தப் பிஸ்கோத்துப் பெயரோடு வந்தாள். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை என்று கறுப்பரை ஏசும் சொல் "ஓரியோ". எதிர்ப்புக் கிளம்பியதும் பொம்மையைத் திரும்பப் பெற்றார்கள். வியாபார ஒப்பந்தம் போடும் மேஜையில் ஒரு கறுப்பர் இருந்து, அவர் பேச்சும் எடுபட்டிருந்தால் அந்தப் பெட்டி வெளியே வந்திருக்குமா?

நம் நாட்டிலும் 1990-களில் பார்பி சேலை கட்டினாள்; நெற்றியில் பொட்டும் வைத்தாள். முகம் அமெரிக்க முகம்! 2024 தீபாவளிக்கு வந்த இந்திய பார்பியின் உடையை அமைத்தவர் மும்பையைச் சேர்ந்த அனிதா டோங்ரே. இடையில் 2016-ல் 7 வகைத் தோல் நிறம், 22 கண் நிறம் என்று மாட்டெல் வரிசையை விரித்திருந்தது.

இனிப் பிரச்சினை கடைக்காரரிடம் இருக்கிறது. 2010-ல் லூசியானாவில் ஒரு வால்மார்ட் கடையில் நடனப் பெண் பார்பி 5.93 டாலர். பக்கத்திலேயே, அதே வரிசையைச் சேர்ந்த கறுப்புப் பொம்மை தெரசா 3 டாலர்! சரக்கைத் தள்ளிவிட விலையைக் குறைத்தோம் என்றது கடை. அலமாரி முன் நிற்கும் சிறுமிக்குச் சரக்குக் கணக்கு தெரியுமா? எந்தப் பெண் மலிவு என்பதுதான் தெரியும்.

2024 நவம்பரில் வால்மார்ட், எல்லா இனத்தாருக்கும் இடம் தரும் தன் திட்டங்களில் சிலவற்றைக் கைவிட்டது. 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப், சர்க்கார் இலாகாக்களில் அத்தகைய திட்டங்களை நிறுத்த உத்தரவிட்டார். அதே மாதம் டார்கெட் கடைகளும் வால்மார்ட்டின் வழியில் போயின. அமெரிக்காவில் பொம்மை விற்கும் பெரிய கடைகள் இவைதான். கிறிஸ்துமசுக்கு வேண்டிய சரக்குக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே ஆர்டர் போய்விடும். அலமாரியில் எத்தனை கறுப்புப் பெண் நிற்பாள் என்பது அந்தத் தாளில்தான் எழுதப்படுகிறது.