சனிக்கிழமை ராத்திரியும் சிலபஸ்தான்

ஸ்டீஃபன் கரி எந்த காலேஜ்ல படிச்சார்னு கேட்டா, நம்ம ஹாஸ்டல்ல என்பிஏ பார்க்கிற நாலு பேராவது டேவிட்சன்னு சொல்லிடுவாங்க. அந்த டேவிட்சன் எங்கே இருக்கு, அங்கே என்ன படிக்கலாம்னு அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்க. அமைதி. அமெரிக்காவின் தெற்குப் பகுதியில், வட கரோலினாவில், சார்லட் நகரத்துக்கு வடக்கே அதே பெயருள்ள ஒரு சின்ன ஊரில் இருக்கு. 1837-ல தொடங்கினது. மொத்த மாணவர்களே சுமார் 2,000 பேர்தான்.

இந்த மாதிரி காலேஜ்கள் தெற்கில் நிறைய. டென்னசி மலைமேல் ஸுவானி, மெம்ஃபிஸில் ரோட்ஸ், வர்ஜீனியாவில் வாஷிங்டன் அண்ட் லீ, அட்லாண்டாவில் ஸ்பெல்மன். நமக்கு இதில் ஒண்ணுகூடத் தெரியாததுக்கு எளிமையான காரணம் இருக்கு. நம்ம தலைக்குள்ள இருக்கிற அமெரிக்க மேப், எம்எஸ் போன சீனியர்கள் வரைஞ்சு கொடுத்தது. இந்த காலேஜ்களில் பெரும்பாலும் இளநிலைப் படிப்பு மட்டும்தான். எம்எஸ் கிடையாது, பிஎச்டி கிடையாது. அதனால சீனியர் யாரும் போகலை, போகாததால பேர் தெரியலை, பேர் தெரியாததால நல்ல காலேஜ் இல்லைன்னு முடிவு கட்டிடறோம்.

இதை இப்ப ஏன் எழுதறேன்னா, அட்லாண்டா பக்கத்தில் இருக்கிற என் சித்தி வீட்டில் ரெண்டு மாசமா இதுதான் பேச்சு. சித்தி பொண்ணு பன்னிரண்டாவது முடிக்கிறா. ஏதென்ஸில் இருக்கிற ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைச்சிருக்கு. 40,000 பேருக்கு மேல படிக்கிற அரசுப் பல்கலைக்கழகம். ஜெல் மில்லர் உதவித்தொகைக்கு அவ மார்க் போதும், அதனால டியூஷன் கட்ட வேண்டாம். இன்னொரு பக்கம், வேற மாநிலத்தில் ஒரு சின்ன காலேஜ், கணிசமான நிதியுதவியோட. பேர் வேண்டாம், அவ இன்னும் முடிவு பண்ணலை. சித்தப்பா போன்ல கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, லிபரல் ஆர்ட்ஸ்னா நம்ம ஊர் ஆர்ட்ஸ் காலேஜ் மாதிரிதானே?" இல்லை சித்தப்பா. அங்கே இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் உண்டு. அதோட தத்துவமும் வரலாறும் சேர்த்துப் படிக்கச் சொல்றாங்க, அவ்வளவுதான்.

சித்தப்பா ஒரு எக்செல் ஷீட் போட்டிருக்கார். ஐடிக்காரர், வேற எப்படி இருப்பார்? 'படிப்பு'ன்னு ஒரு காலம், 'கேம்பஸ் லைஃப்'னு ஒரு காலம், ரெண்டுக்கும் பத்துக்கு மார்க். படிப்புக்கு 60 சதவீதம், லைஃபுக்கு 20, மீதி செலவுக்கு. என் கருத்து ஒண்ணே ஒண்ணுதான்: பெரிய பல்கலைக்கழகத்துக்கு இந்த ஷீட் ஓரளவு சரி. சின்ன காலேஜுக்கு இது வேலைக்கே ஆகாது. அங்கே அந்த ரெண்டு காலத்துக்கும் நடுவில் கோடு கிடையாது.

டேவிட்சனையே எடுத்துக்கலாம். அங்கே செமஸ்டர் கடைசித் தேர்வை எந்த நாள், எந்த நேரம் எழுதறதுன்னு பெரும்பாலும் மாணவரே முடிவு பண்ணிக்கலாம். ஹாலில் கண்காணிப்பாளர் கிடையாது. ஹானர் கோடுன்னு ஒண்ணில் கையெழுத்துப் போட்டிருக்காங்க: பொய் சொல்ல மாட்டேன், திருட மாட்டேன், காப்பி அடிக்க மாட்டேன். மீறினா விசாரிக்கிறதும் மாணவர்கள் இருக்கிற குழுதான். (பறக்கும் படை வந்தா பெல்ட்டைக் கழட்டிக் காட்டின நம்ம ஆளுங்க இந்த இடத்தில் கொஞ்சம் சிரிச்சுட்டு வரலாம்.) இது எப்படி நடக்குது? அங்கே பிறந்தவங்க எல்லாம் உத்தமர்களா? இல்லை. கிட்டத்தட்ட எல்லாரும் நாலு வருஷமும் கேம்பஸிலேயே தங்கறாங்க. அதே ரெண்டாயிரம் முகம், அதே சாப்பாட்டு மேஜை. காப்பி அடிச்சவன்னு தெரிஞ்சா அடுத்த நாள் யார் பக்கத்தில் தட்டை வைக்கிறது? தேர்வு முறை படிப்புக் கணக்கா, லைஃப் கணக்கா? எந்த காலத்தில் மார்க் போடுவீங்க?

வகுப்பும் அப்படித்தான். பெரிய பல்கலைக்கழகத்தில் முதல் வருஷக் கணிதமோ வேதியியலோ நூத்துக்கணக்கான பேர் உட்கார்ந்த ஹாலில் நடக்கலாம். சந்தேகம் கேட்கிறது டீச்சிங் அசிஸ்டன்ட்கிட்ட. அந்த டிஏ பல நேரம் யார் தெரியுமா? எம்எஸ், பிஎச்டி பண்ணப் போன நம்ம சீனியர்தான். சின்ன காலேஜில் அந்த ஆள் கிடையாது. பேராசிரியரே வகுப்பு எடுக்கணும், அவரே திருத்தணும், அவர் லேப்பில் வேலை பார்க்க பிஎச்டி மாணவர் இல்லாததால இளநிலை மாணவரைத்தான் கூப்பிடணும். ரோட்ஸ் காலேஜ் மாணவர்கள் மெம்ஃபிஸில் இருக்கிற செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையில் ஆராய்ச்சி பண்ண வழி இருக்கு. நாம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு கைடைத் தேடிப் பிடிக்கிற கதையை நினைச்சுப் பாருங்க.

ஆனா பதினைந்து பேர் உட்கார்ந்து பேசற வகுப்பில், பேசினாத்தான் படிப்பு. பின் பெஞ்ச் கிடையாது. உங்களுக்கு அங்கே கூச்சமா இருந்தா, நீங்க வேற்றாள்னு தோணினா, உங்க மார்க்குக்கு மட்டும் இல்லை, கத்துக்கிறதுக்கே அடி விழும். இங்கேதான் சித்தி தணிஞ்ச குரல்ல கேட்ட கேள்வி வருது: "அங்கே நம்மள மாதிரி பசங்க எத்தனை பேர் இருப்பாங்கடி?"

இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்படவே வேண்டாம். அந்தக் காலேஜ்களே இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கு. ஸுவானியை 1857-ல தொடங்கினவங்க அடிமைமுறைக் காலத்துத் தெற்கின் பிஷப்புகளும் பண்ணை முதலாளிகளும். அந்த வரலாற்றைத் தோண்டி எழுத அந்தப் பல்கலைக்கழகமே தனியா ஒரு திட்டம் நடத்துது. 2020-ல முதல் முறையா ஒரு கருப்பினத்தவர், ரூபன் பிரிகெட்டி, அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2021 தொடக்கத்தில், தன் குடும்பம் இருக்கிற வீட்டை யாரோ திரும்பத் திரும்பச் சேதப்படுத்தறாங்கன்னு மாணவர்கள் முன்னாலேயே அவர் சொல்ல வேண்டி வந்தது. வாஷிங்டன் அண்ட் லீ பெயரில் இருக்கிற லீ, உள்நாட்டுப் போரில் தெற்குப் படையை நடத்தின அதே ராபர்ட் ஈ. லீ. போருக்கப்புறம் அங்கே தலைவரா இருந்தவர். பெயரை மாத்தணும்னு பெரிய சண்டை நடந்து, 2021 ஜூனில் பெயர் அப்படியே இருக்கும்னு அறங்காவலர்கள் வாக்களிச்சாங்க. இதே தெற்கில்தான் ஸ்பெல்மனும் இருக்கு, கருப்பினப் பெண்களுக்காக உருவான காலேஜ். கென்டக்கியில் பெரியா இருக்கு. 1855-ல தொடங்கி, கருப்பரும் வெள்ளையரும் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிச்ச தெற்கின் முதல் காலேஜ். அங்கே டியூஷன் கிடையாது, எல்லா மாணவரும் வாரத்துக்குக் குறைஞ்சது 10 மணி நேரம் வேலை பார்க்கணும். 'தெற்கத்திக் காலேஜ்'னு ஒரே மூட்டையில் கட்டினா தப்பாகிடும்னு சொல்லத்தான் இவ்வளவும்.

அடுத்தது பார்ட்டி. இதில் பெற்றோர் ரெண்டே கட்சி. "சின்ன ஊர், பாதுகாப்பா இருக்கும்"னு நம்பறவங்க, இல்லைன்னா "எல்லாம் குடிதான்"னு பயப்படறவங்க. ரெண்டு பேருமே கேட்க வேண்டிய கேள்வியை விட்டுடறாங்க. ஃப்ரெட்டர்னிட்டி, சொராரிட்டின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கிரேக்க எழுத்தில் பேர் வச்ச சங்கங்கள். தேர்ந்தெடுத்துத்தான் சேர்ப்பாங்க, சந்தா கட்டணும், வார இறுதி விருந்தெல்லாம் அவங்க வீட்டில். வாஷிங்டன் அண்ட் லீயில் சுமார் நாலில் மூணு பங்கு மாணவர்கள் இதில் இருக்காங்க. நாற்பதாயிரம் பேர் இருக்கிற இடத்தில் இது பிடிக்கலைன்னா பிரச்சினை இல்லை. இந்திய மாணவர் சங்கம் இருக்கும், கிரிக்கெட் டீம் இருக்கும், யாரோ ரூம்ல சாம்பார் கொதிக்கும். ரெண்டாயிரம் பேரில் முக்கால்வாசி ஒரு பக்கம் போனா, மிச்சம் இருக்கிறவ சனிக்கிழமை ராத்திரி யார்கூட உட்காருவா? திங்கட்கிழமை செமினார்ல எதிரே உட்காரப்போறதும் அதே ஆளுங்கதான். தப்பிக்க வழி இல்லாத அளவுக்குச் சின்ன இடம் அது. நல்லதும் அதனாலதான், கெட்டதும் அதனாலதான்.

நல்லதுக்கு ஒரு உதாரணம். 2008-ல கரி ஆடின டேவிட்சன் அணி தேசியப் போட்டியில் யாரும் எதிர்பார்க்காத தூரம் போச்சு, கடைசி எட்டு வரை. அந்த ஆட்டங்கள் டெட்ராய்ட்டில். காலேஜின் அறங்காவலர்கள் மாணவர்களுக்கு பஸ், ஹோட்டல், டிக்கெட் எல்லாத்துக்கும் சொந்தக் காசைப் போட்டு அனுப்பினாங்க. கரி டிகிரி முடிக்காம என்பிஏ போயிட்டார். 2022-ல, உலகமே தெரிஞ்ச ஆளா ஆனப்புறம், மிச்சத்தை முடிச்சு டிகிரி வாங்கினார்.

நம்ம ஆளுங்க தவறாம கேட்கிற இன்னொண்ணு: "இன்ஜினியரிங் இருக்கா?" பெரும்பாலும் இல்லை. அதுக்குப் பதிலா 3-2ன்னு ஒரு ஏற்பாடு சொல்வாங்க. மூணு வருஷம் இங்கே, ரெண்டு வருஷம் ஒரு பெரிய இன்ஜினியரிங் பல்கலைக்கழகத்தில், ரெண்டு டிகிரி. பேப்பரில் அழகா இருக்கு. நாலு வருஷம் இன்ஜினியரிங்ல குப்பை கொட்டினவளா சொல்றேன், மூணு வருஷம் கூட இருந்தவங்களை விட்டுட்டு, அவங்க கடைசி வருஷம் கொண்டாடற நேரத்தில் தெரியாத ஊரில் போய் தெர்மோடைனமிக்ஸ் படிக்க பெரிய மனசு வேணும். ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் மாணவர்கள் ஜார்ஜியா டெக் போற ஏற்பாடு எனக்கு நம்பிக்கையா படறதுக்குக் காரணம், மூணுமே அட்லாண்டாவுக்குள்ளேயே இருக்கு. ஊர் மாற வேண்டாம். பார்த்தீங்களா, இதுவும் படிப்பு காலமா லைஃப் காலமான்னு சொல்ல முடியலை.

செலவைப் பத்தி நீட்ட மாட்டேன். போட்டிருக்கிற முழு விலை வருஷத்துக்கு 80,000 டாலரைத் தொடற இடங்கள் உண்டு, ஆனா நிறைய பேர் அதைக் கட்டறதில்லை. டேவிட்சன் 2007-லிருந்து நிதியுதவியில் கடனைச் சேர்க்கிறதில்லை. ஒவ்வொரு காலேஜும் தன் இணையதளத்தில் நிகரச் செலவுக் கால்குலேட்டர் வைக்கணும்னு அங்கே சட்டமே இருக்கு. குடும்ப வருமானத்தைப் போட்டா தோராயமா நம்பர் வரும். ஜெல் மில்லர் கிடைச்ச ஒரு பொண்ணு அதை விட்டுட்டுப் போகணும்னா அந்த நம்பர் ரொம்ப நல்லா இருக்கணும். சித்தப்பா பக்கம் நியாயம் இருக்கு.

ஆனா அவர் ஷீட்டில் இல்லாத ஒரு காலம் இருக்கு: காலேஜ் நாலு வருஷம் உயிரோட இருக்குமா? நம்ம ஊர்ல சேர்க்கை இல்லாம இன்ஜினியரிங் காலேஜ் மூடறதைப் பார்க்கிறோம். அமெரிக்காவில் அது நடக்காதுன்னு நினைக்காதீங்க. அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன், 1856-ல வேர் விட்ட காலேஜ். பல வருஷக் கடன் நெருக்கடி. மாநில அரசுகிட்ட கடன் கேட்டுக் கிடைக்கலை. 2024 மே 31-ம் தேதி மூடிட்டாங்க. அன்னைக்கு அந்தக் காலேஜ் பேஸ்பால் அணி ஒஹையோவில் தேசிய இறுதிச் சுற்றுப் போட்டியில் ஆடிட்டிருந்தது. ஜூன் 2-ல தோத்து வெளியே வந்தப்போ அவங்களுக்குத் திரும்பிப் போக காலேஜ் இல்லை. வர்ஜீனியாவில் ஸ்வீட் பிரையர் பெண்கள் காலேஜும் 2015 மார்ச்சில் மூடப்போறதா அறிவிச்சது. முன்னாள் மாணவிகள் கோர்ட்டுக்குப் போய், பணம் திரட்டி, அந்தக் கோடைக்குள்ளேயே காப்பாத்தினாங்க. அங்கே அங்கீகாரம் பெற்ற இன்ஜினியரிங் படிப்பு இன்னைக்கும் இருக்கு. இந்த வகைக் காலேஜ்களின் வரவு செலவு, ஃபார்ம் 990ங்கிற பொது ஆவணத்தில் கிடைக்கும். ரேங்க் பார்க்கிற நேரத்தில் பாதியை இதுக்குக் கொடுக்கலாம்.

சித்திக்கு நான் சொன்னது இது. கேம்பஸ் டூர் போகாதீங்க. பின்னோக்கி நடந்துகிட்டே சிரிக்கிற வழிகாட்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பேசுவான். வியாழக்கிழமை அவளை அனுப்புங்க. ஒரு ராத்திரி ஹாஸ்டல்ல தங்கட்டும், வெள்ளிக்கிழமை ரெண்டு வகுப்பில் உட்காரட்டும், நீங்க டைனிங் ஹாலில் தனியா சாப்பிட்டுப் பாருங்க. கிரீக் சங்கத்தில் சேராத பொண்ணு ஒருத்தியைத் தேடிப் பிடிச்சு, போன சனிக்கிழமை என்ன பண்ணினேன்னு கேளுங்க. ஒரு பேராசிரியர்கிட்ட, உங்க லேப்பில் இப்ப இருக்கிற மாணவர்கள் எந்த வருஷம்னு கேளுங்க.

அடுத்த வாரம் போறாங்க. முன்பணம் கட்டக் கடைசி நாள் மே 1. சித்தப்பா ஷீட்டில் ரெண்டு காலத்தையும் சேர்த்து மெர்ஜ் பண்ணிட்டாராம், ஆனா மார்க் போடத் தெரியலையாம். உங்க சொந்தத்தில் யாராவது இந்த மாதிரி சின்ன காலேஜில் படிச்சிருந்தா, அவங்க சனிக்கிழமைகள் எப்படி இருந்ததுன்னு ஆசிரியர் குழுவுக்கு எழுதி அனுப்புங்க. ஏப்ரல் முடியறதுக்குள்ள வந்தா அப்படியே சித்திக்கு ஃபார்வர்ட் பண்ணிடறேன்.