"புக் எல்லாம் வேண்டாம்" என்று சொன்ன என் இரண்டு மாணவிகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நர்சிங் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் முழுசாகப் படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத குடும்பம் எது?

பொங்கல் லீவுக்கு என் தம்பி மகள் வந்திருந்தாள். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு. "அத்தை, டி.சி. தத்தா புக்கை எவ்வளவு படிக்கணும்? மேடம் முழுசும் படிங்கன்னு சொல்றாங்க. சீனியர் அக்கா ஒரு பக்கம்கூட வேண்டாம்னு சொல்றாங்க" என்று கேட்டாள். நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுத்தவள், பிரசவ வார்டைப் பற்றி எனக்கென்ன தெரியும்? என்னிடம் படித்து இன்று நர்ஸாக இருக்கும் இரண்டு பேருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒருத்தி சென்னை, ஒருத்தி வளைகுடா. சொல்லி வைத்த மாதிரி ஒரே பதில்: "புக் எல்லாம் வேண்டாம்மா. சீனியர் நோட்ஸை ஜெராக்ஸ் எடு. அஞ்சு வருஷக் கொஸ்டின் பேப்பரைப் பாரு. பாஸ் ஆயிடலாம்."

பாஸ் ஆகிவிடலாம்தான். அதுதான் எனக்குப் பயம்.

அவள் பையில் இருந்த அந்த நோட்ஸை வாங்கிப் புரட்டினேன். யாரோ ஒரு பிள்ளை அழகாக எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொருத்தி ஜெராக்ஸ் எடுத்து, எத்தனை கை மாறியதோ. மருந்துப் பட்டியலில் டிஜாக்சின் மாத்திரை 25 மி.கி. என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அம்மா பல வருஷம் சாப்பிட்ட இதய மாத்திரை அது. அட்டையில் 0.25 மி.கி. என்று இருக்கும். எழுதின பிள்ளை முன்னால் பூஜ்யம் போடாமல் .25 என்று எழுதியிருக்கிறாள். நகல் எடுத்து எடுத்துப் புள்ளி மறைந்துவிட்டது. நூறு மடங்கு! "வார்டுல மாத்திரையே 0.25தானே அத்தை இருக்கும், தப்பு வராது" என்றாள் என் மருமகள். சரிதான் தாயே. ஆனால் மூன்று வருஷமாக ஒருத்தர் கண்ணிலும் இது படவில்லையே, யாரும் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அன்று ராத்திரி தத்தாவை நானே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும்போது மெக்னீசியம் சல்பேட் போடுகிறார்கள். அடுத்த டோஸுக்கு முன் பார்க்க வேண்டியவை நோட்ஸில் நாலு வரியாக இருக்கின்றன: முழங்காலைத் தட்டினால் கால் உதற வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வர வேண்டும், மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட். பரீட்சையில் இதை எழுதினால் முழு மார்க்.

ஏன் என்பது புத்தகத்தில்தான் இருக்கிறது. இந்த மருந்து உடம்பை விட்டு வெளியேற சிறுநீரகத்தைத்தான் நம்பியிருக்கிறது. சிறுநீர் குறைந்தால் ரத்தத்தில் சேரும். சேரச் சேர முதலில் முழங்கால் உதறல் போகும், அதற்குப் பிறகு மூச்சு மந்தமாகும், அதற்கும் மேலே போனால் இதயம் நிற்கும். அந்த நாலு வரியும் தனித்தனி விஷயமல்ல, ஒரே கதையின் கட்டங்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீர்ப் பையில் நாலு மணி நேரத்துக்கு 60 மி.லி.தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிகளை மட்டும் மனப்பாடம் செய்தவள் 60 என்று சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த ஊசியை எடுக்கக் கூடும். கதை தெரிந்தவள் கை அங்கேயே நிற்கும். முழங்காலைத் தட்டிப் பார்ப்பாள், டாக்டரை எழுப்புவாள். படுத்திருப்பது உங்கள் வீட்டு மகளாக இருந்தால் இவர்களில் யார் டியூட்டியில் இருக்க வேண்டும்?

வெளிநாடு போகத்தான் படிக்கிறேன் என்பவர்களுக்கும் ஒன்று. அமெரிக்காவின் என்கிளெக்ஸ் தேர்வில் நாலு நோயாளிகளைக் காட்டி யாரை முதலில் பார்ப்பாய் என்று கேட்கிறார்கள். 2023 ஏப்ரலில் இருந்து ஒரே நோயாளியின் கதையைக் கொடுத்துத் தொடர்ந்து கேள்வி கேட்கும் முறையும் வந்திருக்கிறது. அங்கே ஜெராக்ஸ் என்ன செய்யும்?

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். அந்த இரண்டு பேருக்கும் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான். "இந்தப் பாடத்தில் ஐந்து மார்க் இரண்டு வரும், இதை விடு, அதைப் படி" என்று புளூபிரிண்ட்டை வைத்துக்கொண்டு பிப்ரவரி முழுக்க வினா வங்கியை உருப்போட வைத்தவள் நான். சிறுநீரகப் பாடத்தில் படம் போட்டுப் பாகம் குறித்தால் போதும் என்று நானே சொல்லியிருக்கிறேன். ரிசல்ட் நூறு சதவீதம் என்று ஹெச்.எம். சால்வை போட்டார். அந்தச் சால்வை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

அதற்காக முழுசும் படி என்கிற மேடம்களோடும் நான் இல்லை. புரூனர் புத்தகம் மட்டும் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். காலையில் வார்டு, மதியம் கிளாஸ், ராத்திரி கேர் பிளான், ரெக்கார்டு, டிரக் ஃபைல். இதில் தமிழ் மீடியத்திலிருந்து போன பிள்ளைக்கு ஒரு பக்கம் தாண்டவே அரை மணி நேரம் ஆகும். "முழுசும் படி" என்பது, படிக்காதே என்று மரியாதையாகச் சொல்வதுதான். மலைத்துப்போய் அந்தப் பிள்ளை நேரே ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகும்.

என் மருமகளுக்கு நான் சொன்ன அளவு இது. இன்று வார்டில் எந்த நோயாளியைப் பார்த்தாயோ, அவருடைய நோய்க்கான ஐந்தாறு பக்கம் மட்டும் இன்று ராத்திரி. உடம்பில் என்ன கெடுகிறது, நர்ஸ் எதைக் கவனிக்க வேண்டும், இந்த இரண்டு பகுதியையும் விடாதே. கொடுத்த மருந்தைப் புத்தகத்தில் பார். வரலாறு, தியரி, வகைப்பாடு எல்லாம் நோட்ஸிலேயே படித்துக்கொள், நான் கோபிக்க மாட்டேன். தெரியாத வார்த்தைக்குப் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுது. முகம் பார்த்த நோயாளியின் பக்கம் மறக்காது. என் அம்மாவின் மாத்திரை அளவு எனக்கு மறக்காதது அதனால்தான்.

கண்ணுகளா, உங்கள் இருவர் மேலும் எனக்குக் கோபமில்லை. பல வருஷம் வார்டில் நின்று, சீனியர் சிஸ்டர்களிடம் திட்டு வாங்கி, இந்த 'ஏன்' எல்லாவற்றையும் நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். அது நோட்ஸில் கிடைத்தது என்று நினைத்துப் பேசிவிட்டீர்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அவளுக்குப் பிரசவ வார்டு போஸ்டிங். அதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு போன் போட்டு, அன்றைக்குச் சொன்னது பரீட்சைக்கு மட்டும்தான் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். என் பேச்சைவிட உங்கள் பேச்சைத்தான் கேட்பாள்.