இருபத்தைந்து டிகிரி உப்பும் ஒரு டிகிரிப் பெண்ணும்

மரக்காணத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். நாலே வரி. "பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் தேறியிருக்கிறேன். சைபர் பாதுகாப்பு ஸர்ட்டிபிகேட் வாங்கினால் சர்க்கார் உத்தியோகம் நிச்சயம் என்று பட்டணத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தார் சொல்கிறார்கள். அறுபதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். அம்மா சீட்டு எடுத்துப் பணத்தைத் தயாராக வைத்திருக்கிறாள். கட்டலாமா அக்கா?"

கட்டு என்றோ, கட்டாதே என்றோ ஒரு வார்த்தையில் பதில் போட்டுவிட்டுக் காப்பி சாப்பிடப் போயிருக்கலாம். ஆனால் "அம்மா சீட்டு எடுத்து" என்ற மூன்று சொற்கள் என்னை விடவில்லை. நம் வீட்டுப் பெண்கள் சீட்டுப் பிடிப்பதும் எடுப்பதும் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? ஆகவே தை மாதக் கடைசியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுவை பஸ் ஏறி, மரக்காணத்தில் இறங்கினேன்.

ஊரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆந்திராவிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற ஊர் இது. பக்கத்தில் கழுவெளி ஏரி. சாலையை விட்டுச் சற்று நகர்ந்தால் கண்ணுக்கு எட்டினமட்டும் உப்பளம். நான் போன சமயம் முதல் உப்பு வாரவில்லை, பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரத் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். அந்தப் பெண்ணின் தாயார் அப்படி மிதித்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் வரப்பின் மேல் ஏறி வந்தாள்.

"வாங்கம்மா. பொண்ணு சொல்லிச்சு. பத்திரிகைலேர்ந்து வர்றீங்களாமே. அந்தக் கம்பூட்டரு வேலையிலே வெயில் படாதாமே, நெசந்தானா?" இதுதான் அவள் கேட்ட முதற் கேள்வி. சம்பளம் எவ்வளவு, பென்ஷன் உண்டா என்றெல்லாம் அப்புறம்தான் கேட்டாள்.

வீட்டுக்குப் போய்ப் பயிற்சிக்கூடத்தின் விளம்பரத் தாளைப் பார்த்தேன். பெயர் வேண்டாம், ஊருக்கு நாலு இருக்கிறது இந்த மாதிரி. "அரசுப் பணிக்கு அங்கீகரிக்கப்பட்ட உலகத் தரச் சான்றிதழ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இதில் பொய் என்று ஒரு வார்த்தையைச் சுட்டிக்காட்ட முடியாது. அதுதான் இதன் சாமர்த்தியம். எந்த அரசு என்று மட்டும் சொல்லவில்லை, அவ்வளவே.

விஷயம் இதுதான். கம்ப்டியா என்ற அமெரிக்க ஸ்தாபனம் "ஸெக்யூரிடி பிளஸ்" என்று ஒரு பரீட்சை நடத்துகிறது. ஆரம்ப நிலைப் பரீட்சை, ஆனால் லேசுப்பட்டதல்ல. 90 நிமிஷத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள். 900-க்கு 750 எடுக்கவேண்டும். அமெரிக்க ராணுவ இலாகா 2005-ல் ஒரு கையேடு வெளியிட்டது. தன் கம்ப்யூட்டர்களைக் காவல் காப்பவர்கள் இன்ன இன்ன ஸர்ட்டிபிகேட் வைத்திருந்தே ஆகவேண்டும் என்று அதில் பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் ஸெக்யூரிடி பிளஸும் ஒன்று. 2023-ல் விதியை மாற்றி எழுதினார்கள்; ஸர்ட்டிபிகேட்டுக்கு மதிப்புப் போகவில்லை. ஆக, "இது இருந்தால் சர்க்கார் வேலைக்குக் கதவு திறக்கும்" என்பது வாஷிங்டனில் மெய். அந்த மெய்யைத்தான் கப்பலேற்றிக் கொண்டுவந்து மரக்காணத்தில் விற்கிறார்கள்.

நம் சர்க்காரின் கதவுக்கு வேறு சாவி. மத்திய சர்க்காரின் கம்ப்யூட்டர் இலாகா என்று சொல்லத்தக்க தேசிய தகவலியல் மையம் 2023-ல் 598 இடங்களுக்கு ஆள் எடுத்தது. அதில் 331 இடம் தொழில்நுட்ப உதவியாளர்களுக்கு. புதிதாகப் படிப்பை முடித்தவர்கள் நுழைகிற வாசல் அது. நைலிட் என்ற மத்திய சர்க்கார் ஸ்தாபனம் பரீட்சை நடத்தியது. 120 கேள்வி, 3 மணி நேரம். நூற்றுக்கு 65 பங்கு கம்ப்யூட்டர் பாடம், மீதி பொதுத் திறனும் கணக்கும். தவறான பதிலுக்குக் கால் மார்க் பிடித்துக்கொள்வார்கள். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமே இல்லை. கேட்க நன்றாயிருக்கிறதல்லவா? ஆனால் தகுதி என்ன தெரியுமா? பி.ஈ., பி.டெக்., எம்.எஸ்ஸி., எம்.ஸி.ஏ. இவற்றில் ஒன்று. பி.எஸ்ஸி. மட்டும் போதாது. வெளிநாட்டு ஸர்ட்டிபிகேட் பத்து வைத்திருந்தாலும் விண்ணப்பத்தில் அதைக் கேட்டு மார்க் போடுகிறவர் யாருமில்லை.

இதை நான் எடுத்துச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கி, பஸ்ஸுக்கும் புஸ்தகத்துக்கும் அதையே வைத்துக்கொண்டு டிகிரி முடித்தவள். தாயார்தான் சட்டென்று சொன்னாள்:

"கடத்தண்ணி மூணரை டிகிரிதான் காட்டும். அதைப் பாத்தி பாத்தியா மாத்தி, இருபத்தஞ்சு டிகிரி ஏறினாத்தான் உப்பு விளையும். ஒரு டிகிரியோட நின்னா எப்படிக் கண்ணு? இன்னொரு பாத்திக்கு மாத்து."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. உப்பளத்தில் தண்ணீரின் காரத்தைக் கருவி விட்டு டிகிரி பார்ப்பார்கள். 25-ல் உப்புப் பூக்கும். 30-ஐ நெருங்கினால் கசப்புத் தண்ணீர், வெளியே விட்டுவிட வேண்டும். நான் மூன்று நாள் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து சொன்னதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

சரி, அடுத்த பாத்தி எது? அவளுக்குச் சொன்னதையே உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் சொல்கிறேன். எம்.ஸி.ஏ. இரண்டு வருஷம். டான்செட் என்ற நுழைவுப் பரீட்சை எழுதி நல்ல மார்க் வாங்கினால் சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைக்கும். கட்டணம் பயிற்சிக்கூடத்தார் கேட்கிற மாதிரி இராது. கல்லூரிக்குப் போக வசதியில்லையென்றால் அதே நைலிட் நடத்தும் "ஓ", "ஏ", "பி" என்ற படிப்புகள் இருக்கின்றன. தனியாகப் படித்தே எழுதலாம். அவற்றில் "பி" படிப்பை நம் சர்க்கார் மதிக்கிறது; பி.எஸ்ஸி.யுடன் அது இருந்தால் சர்க்கார் வங்கிகளின் கம்ப்யூட்டர் அதிகாரி பரீட்சைக்கு உட்காரலாம். வயது முப்பதுக்குள் இருக்கவேண்டும்; தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட வகுப்பினருக்குச் சில வருஷம் சலுகை. வெறும் பி.எஸ்ஸி.யுடனேயே உட்காரக்கூடியவை நம் மாநிலத் தேர்வாணையத்தின் குரூப் பரீட்சைகள். அவற்றைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ வாரம் எழுதியாகிவிட்டது.

அப்படியானால் சைபர் ஸர்ட்டிபிகேட் வீணா? அப்படி நான் சொல்லமாட்டேன். சர்க்கார் வேலையைச் செய்கிறவர்கள் எல்லோரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அல்ல. சர்க்கார் இணையத்தளம் ஒன்றைத் திறக்கும் முன் ஓட்டை ஒடிசல் இருக்கிறதா என்று தணிக்கை செய்யவேண்டும். 2004-ல் டில்லியில் ஏற்பட்ட செர்ட்-இன் என்ற அமைப்பு அந்தத் தணிக்கைக்கென்று கம்பெனிகளைப் பொறுக்கி வைத்திருக்கிறது. அந்தக் கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது ஸர்ட்டிபிகேட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒப்பந்த வேலைதான், தனியார் சம்பளம்தான். இருந்தாலும் கை பழகுகிற இடம். அதைவிட, பாடம் ஒன்றுதான். இதற்குப் படித்ததெல்லாம் மேலே சொன்ன பரீட்சைகளின் "நெட்வொர்க்கும் பாதுகாப்பும்" பகுதிக்கு அப்படியே உதவும்.

பாடம் பயங்கரமானது என்று எண்ணிவிடாதீர்கள். உப்பளத்துப் பெண்ணுக்கு அதில் பாதி பிறக்கும்போதே தெரியும்! நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

2022 நவம்பர் 23-ம் தேதி டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் ஸ்தம்பித்தன. யாரோ நுழைந்து, ஐந்து ஸெர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவலைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். தேசத்தின் தலையாய ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் போலச் சீட்டு எழுதுவது, ரத்தப் பரிசோதனை எழுதுவது எல்லாம் பேனாவும் காகிதமுமாக நடந்தது. எப்படி நேர்ந்தது என்று பார்லிமெண்டில் கேட்டார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காததுதான் என்று பதில் வந்தது.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லி, "புரிகிறதா?" என்று கேட்டேன்.

"வரப்பு இல்லாத அளம் மாதிரி அக்கா. ஒரு மூலையில் உடைந்தால் மொத்தமும் கரைந்துபோகும். நாங்கள் பாத்திக்குப் பாத்தி வரப்புப் போட்டு, மடையை ஒரு இடத்தில்தான் வைப்போம். அதையும் அம்மா ராத்திரி ஒரு தடவை போய்ப் பார்ப்பாள்" என்றாள்.

இதற்குப் புஸ்தகத்தில் இரண்டு அத்தியாயம் இருக்கிறது. வரப்புக்குப் பெயர் பகுதி பிரித்தல். மடைக்குப் பெயர் தீச்சுவர். அம்மா ராத்திரி போய்ப் பார்ப்பதற்குப் பெயர் கண்காணிப்பு. வாரிய உப்பை மேட்டில் அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடுகிறார்களே, அதுதான் பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்பது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையேறியபோது இந்தப் பக்கத்து அளங்களெல்லாம் வெள்ளக்காடாயின. மேட்டிலே மூடி வைத்ததன் அருமை அன்று தெரிந்தது.

மீதிப் பாதிக்குத்தான் உட்கார்ந்து படிக்கவேண்டும். எந்த எண் எந்த வாசல் என்பது வாய்ப்பாடு மாதிரி. 22, 53, 80, 443, 3389 என்று நெட்டுருப் போட்டே தீரவேண்டும். ரகசியம் காத்தல், யாரும் திருத்தாமல் காத்தல், வேண்டிய நேரத்தில் கிடைக்கச் செய்தல் என்ற மூன்றையும் எந்தக் கேள்வியிலும் அடையாளம் காணப் பழகவேண்டும். "இவற்றில் முதலில் செய்யவேண்டியது எது?" என்று கேட்பார்கள், நாலு பதிலும் சரியாகவே தோன்றும். அங்கேதான் கெட்டிக்காரர்களும் வழுக்குகிறார்கள். புஸ்தகத்தைப் பத்துத் தடவை வாசிப்பதைவிட, மாதிரிக் கேள்விகளைப் போட்டுப் பார்த்து, தவறிய கேள்விக்கு ஏன் தவறினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வருவது மேல். பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் லினக்ஸ் போட்டுக் கை பழகலாம்.

இதற்கு அறுபதாயிரம் ரூபாய் வேண்டியதில்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல்.லில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஐ.எஸ்.ஸி.2 என்ற இன்னொரு ஸ்தாபனத்துக்கு, முன் அனுபவமே கேட்காத "ஸி.ஸி." என்ற ஆரம்பப் பரீட்சை உண்டு. பத்து லட்சம் பேருக்குப் பாடத்தையும் பரீட்சையையும் இலவசமாகத் தருவதாக 2022-ல் அறிவித்தார்கள். சேருகிற அன்று அந்தச் சலுகை எந்த அளவில் இருக்கிறது என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர் சொல்வதைக் கேட்காதீர்கள். இலவசம் என்றதும் துள்ளிவிடவும் வேண்டாம். தேறியபின் ஸர்ட்டிபிகேட்டைக் கைவசம் வைத்திருக்க வருஷாவருஷம் 50 டாலர் சந்தா உண்டு. ஸெக்யூரிடி பிளஸுக்கும் ஆயுள் மூன்று வருஷம்தான், அப்புறம் புதுப்பிக்கவேண்டும்.

வீட்டிலிருந்தே எழுதலாம் என்று ஒரு வசதி சொல்கிறார்கள். கதவைச் சாத்தி, மேஜையைத் துடைத்து வைத்து, அறையில் ஈ காக்கை இல்லாமல், காமிராவின் முன் ஒன்றரை மணி நேரம் உட்காரவேண்டும். யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால் பரீட்சை ரத்து. நம் வீடுகளில் இது நடக்கிற காரியமா? அந்தப் பெண்ணின் வீட்டில் இருப்பதே ஒரு அறை; அதிலும் நான் இருந்த அரை மணிக்குள் ஒரு கோழி, இரண்டு குழந்தை, ஒரு பக்கத்து வீட்டுப் பாட்டி வந்துபோனார்கள். பட்டணத்துப் பரீட்சை மையத்துக்குப் பஸ் ஏறுவதே உத்தமம்.

இன்னொரு சங்கடம் யாருக்கும் தோன்றாதது, பெயர். விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிப் புஸ்தகத்தில் தகப்பனார் பெயர் முழுசாக. அடையாள அட்டையில் உள்ளபடியே விண்ணப்பத்தில் இல்லாவிட்டால் மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்; கட்டிய பணம் கட்டியதுதான். எந்தப் பரீட்சையானாலும் படிக்கத் தொடங்கும் முன் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் செய்த முதல் காரியம் இ-சேவை மையத்துக்குப் போய் வரிசையில் நின்றதுதான்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்குச் சர்க்கார் தரும் 5000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தையும் கைக்கடனையும் வைத்துத்தான் குடும்பம் ஓடும். "மழை மூணு மாசமும் வெளக்கை அவதான் வச்சுக்குவா, நாங்க சீக்கிரம் படுத்துடுவோம்" என்றாள் தாயார். சீட்டுப் பணத்தை என்ன செய்யப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே, டான்செட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக்கு, கிடைக்காவிட்டால் "அந்த பீ படிப்புக்கு" என்றாள்.

போன வாரம் அவளிடமிருந்து மறுபடி சேதி வந்தது. விண்ணப்பம் போட்டுவிட்டாளாம். ஆதாரில் பெயர் திருந்தி வந்துவிட்டதாம். ஆனால் இப்போது பிறந்த தேதி தப்பாக இருக்கிறதாம்.